இமயத்தை அடியால் அளந்த வாத்தியார்

நம் வலியசாலையின் பெயரிலேயே ஒரு பள்ளிக்கூடம் ஒளிந்திருக்கிறது. 'சாலை' என்றால் இங்கே ரோடு அல்ல. வேதமும் சாஸ்திரமும் போதிக்கப்பட்ட கல்விச்சாலை. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-ல் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை அமைத்தான். அதற்கு முன்மாதிரியாக அவனது செப்பேடு சொல்வது காந்தளூர்ச் சாலையை. அந்தக் காந்தளூரை நம் மகாதேவர் கோயிலோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆகவே ஒரு வாத்தியாரைப் பற்றி எழுத வலியசாலைக்காரனுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். வாத்தியார் மட்டும் நம் பக்கத்தவர் அல்லர், தேசத்தின் மறுகோடிக்காரர்.

குமாவும் மலைப்பகுதியில், திபெத் எல்லையை ஒட்டி, மிலம் என்றொரு கிராமம். அங்கே 1830-ல் பிறந்தவர் நைன் சிங் ராவத். ஷ்லாகின்ட்வைட் என்ற ஜெர்மானியச் சகோதரர்களுடன் 1850-களில் மலைப் பிரயாணம் செய்து கருவிகளைப் பழகியவர். பிறகு 1858 முதல் 1863 வரை சொந்த ஊரில் அரசாங்கப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். அந்தப் பக்கத்தில் வாத்தியாரை 'பண்டிட்' என்று அழைப்பார்கள். பிற்காலத்தில் லண்டன் வரை அவரைப் பிரசித்தமாக்கியது இந்தச் சாதாரண அழைப்புதான்.

இதற்கு அறுபது வருஷம் முன்னால், 1802-ல், லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு போட்டு ஆரம்பித்த நில அளவை, தேசம் முழுவதும் ஏறி இமயமலையில் வந்து முட்டி நின்றது. நம் திருவிதாங்கூரை வார்டும் கான்னரும் 1816 முதல் 1820 வரை அளந்தே முடித்துவிட்டார்கள். திபெத்துக்குள் மட்டும் வெள்ளைக்காரர் நுழைய முடியாது. சர்வே அதிகாரி மான்ட்கோமரிக்கு ஒரு யோசனை தோன்றியது: உள்ளூர் மனிதர்களை யாத்ரீகர், வியாபாரி வேஷத்தில் அனுப்பினால் என்ன? 1863-ல் நைன் சிங்கும் அவர் உறவினர் மணி சிங்கும் டேராடூனுக்குப் பயிற்சிக்குப் போனார்கள். வகுப்பெடுத்த வாத்தியார் முப்பத்து மூன்று வயதில் மறுபடி மாணவர் ஆனார்.

முதல் பாடம் நடை. ஏற்றமானாலும் இறக்கமானாலும் ஒரே அளவு அடி. 2,000 அடி வைத்தால் ஒரு மைல். நம் ஜபமாலையில் 108 மணி. அவர் கையில் கொடுத்ததில் 100. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒரு சுற்று முடியும்போது 10,000 அடி, அதாவது 5 மைல். மணி தள்ளுகிறவனை யார் சந்தேகிப்பார்கள்? கையில் சுற்றும் ஜபச் சக்கரத்தினுள் மந்திரத்துக்குப் பதில் அளவைக் குறிப்புகள். சோழிகளுக்குள் பாதரசம். கைத்தடிக்குள் தெர்மாமீட்டர்.

பாதரசம் எதற்கு என்று கேட்கலாம். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே அந்த இடத்தின் அட்சரேகை. திருவனந்தபுரத்தில் சுமார் எட்டரை டிகிரி. நம் தென்னை மரங்களுக்கு மேலே அது தலை காட்டினால் பாக்கியம். லாசாவில் ஏறக்குறைய முப்பது. கடலில் அடிவானம் நேர்கோடாகத் தெரியும். மலை நாட்டில் தெரியாது. அதனால் கிண்ணத்தில் பாதரசத்தை ஊற்றினால் அதுவே சமதளக் கண்ணாடி. நட்சத்திரத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் இடையிலுள்ள கோணத்தை செக்ஸ்டன்டால் அளந்து பாதியாக்க வேண்டியதுதான். தெர்மாமீட்டர் உயரத்துக்கு: சுமார் 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி சென்டிகிரேட் குறையும். லாசாவில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

1865-ல் நேபாளம் வழியாகத் திபெத்துக்குள் போன நைன் சிங், 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். வழியில் கைப்பணம் கரைந்துபோக, வியாபாரிகளுக்கு நம் தேசத்துக் கணக்குமுறையைச் சொல்லிக் கொடுத்துச் சாப்பிட்டார். வாத்தியார் தொழில் அங்கேயும் கைவிடவில்லை. அனுமதியில்லாமல் லாசாவுக்குள் வந்த ஒரு சீனருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதைப் பார்த்தபின் வெளியே நடமாடவே பயந்தார். ஆனாலும் இரவில் நட்சத்திரம் பார்ப்பதை விடவில்லை. அவர் அளவிலிருந்து லாசாவின் அட்சரேகை 29 டிகிரி 39 நிமிடம் என்று கணக்கிட்டார்கள். இன்றைய வரைபடத்திலும் அதேதான். அந்தப் பயணத்தில் அளந்த தூரம் சுமார் 1,200 மைல். கணக்குப் போட்டால் 24 லட்சம் அடி, ஒவ்வொன்றும் எண்ணி வைத்தது.

ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. இந்தப் பண்டிட்களுக்குக் கோணம் அளக்கக் கற்றுக் கொடுத்தார்கள். அதிலிருந்து விடை காணும் கணக்கை வேண்டுமென்றே சொல்லித் தரவில்லை. விடை தெரிந்தால் அளவை இட்டுக்கட்டி எழுதிவிடுவார்களாம்! சர்க்கார் உத்தியோகத்தில் காலம் தள்ளிய எனக்கு அந்த ஜாக்கிரதை புரிகிறது. ஒரு தலைமை ஆசிரியருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதும் புரிகிறது. பின்னாளில் அவர் இந்தியில் 'அக்ஷாம்ச தர்ப்பண்' என்று அட்சரேகையைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அதைவிட நல்ல பதில் இல்லை.

1867-ல் தோக் ஜாலுங் தங்கச் சுரங்கம், 1873-ல் யார்க்கண்ட், 1874-75-ல் லேயிலிருந்து லாசா வழியாக அஸ்ஸாம் என்று மேலும் பயணங்கள். கடைசிப் பயணத்தோடு கண்பார்வையும் உடம்பும் தளர்ந்தன. 1877-ல் லண்டன் ராயல் ஜியாகரபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் அளித்தது. இந்தியர் ஒருவருக்கு அது முதல் முறை. முன்பு 1868-ல் அதே சங்கம் கொடுத்த தங்கக் கடிகாரத்தை அவரிடம் பாடம் கற்க வந்த ஆள் ஒருவனே திருடிக்கொண்டு போனான் என்பது வேறு கதை.

நாங்கள் படித்த 1960-களில் கணக்கு வாத்தியாருக்குப் பாடம் பாக்கி என்றால் முதலில் தாரை வார்க்கப்படுவது பூகோள பீரியட்தான். சுருட்டிய மேப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல் வரை வந்து திரும்பிப் போகும் எங்கள் பூகோள வாத்தியாரின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பீரியட் கிடைத்த அன்றும், "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்பதே எங்கள் கேள்வி. நைன் சிங்கின் பெயரை எந்தப் பாடத்திலும் நாங்கள் கேட்டதில்லை. 2004-ல் தபால் இலாகா அவருக்கு ஸ்டாம்ப் வெளியிட்டபோதுதான் விவரம் தேடினேன்.

அவரிடம் பயின்றவர்களில் தலைசிறந்தவர் உறவினர் கிஷன் சிங். சர்வே ரகசியத்தில் பெயர் 'ஏ.கே.' 1878-ல் புறப்பட்டு 1882-ல்தான் திரும்பினார், மங்கோலிய எல்லை பக்கம் துன்ஹுவாங் வரை போய். திரும்பும் வழியில் கொள்ளைக்காரர் பயத்தால் கூட்டத்தார் எல்லோரும் குதிரையில் ஏற வேண்டியதாயிற்று. அடி எண்ண முடியாதே! கிஷன் சிங் குதிரையின் வலது முன்னங்கால் எத்தனை தடவை தரையில் படுகிறது என்று எண்ணத் தொடங்கினார். ஒரு அடிக்கு எவ்வளவு தூரம் என்று குதிரைக்கும் கணக்குப் போட்டு, எண்ணிக்கொண்டே வந்தார்.