காணாமல் போன பிளஸ் ஒன்

1978-ல் தமிழ்நாட்டில் பியூசி போய், பள்ளியிலேயே இரண்டு வருஷ மேல்நிலைப் படிப்பு வந்தது. ஆனால் பொதுத்தேர்வு பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும்தான். எங்கள் காலத்தில் பொறியியல் கட்-ஆஃப் 300: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, நுழைவுத்தேர்வு 100. 2007-ல் நுழைவுத்தேர்வும் போனது. மிச்சம் 200, முழுக்க பிளஸ் டூ மார்க்.

விளைவு? பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்த தனியார் பள்ளிகள் பல. நியூட்டன் விதிகள், வெப்ப இயக்கவியல் எல்லாம் பதினொன்றில்தானே இருக்கு!

2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. அதே வருஷம், அந்த மார்க் உயர்கல்விக்குக் கணக்கில்லை என்றார்கள். 2025-ல் தேர்வே ரத்து. நீட்டும் ஜேஇஇயும் இரண்டு வருஷப் பாடத்திலும் கேட்கின்றன. பள்ளி நடத்தாமல் விட்டதைக் காசு உள்ளவர் கோச்சிங்கில் வாங்கிக்கொள்வார். இல்லாதவர்?