பலூன் வெடிச்சா ஏன் அவ்ளோ சத்தம்?

ஊசி குத்தினதும் பலூன் ரப்பரில் கிழிசல் விநாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் ஓடும். உள்ளே அடைபட்ட காற்று சட்டென விரிந்து, சுற்றியிருக்கும் காற்றை இடிக்கும். அந்த அழுத்த அலைதான் நமக்குக் கேட்கும் 'டப்'. முடிச்சை அவிழ்த்துவிட்டால் அதே காற்று 'புஸ்'ஸுனு போயிடும்.

நெய்வேலி சுரங்கத்துலயும் இதே கதைதான். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கு. சுரங்கத்தின் தரையைப் பிளந்துட்டு வராமலிருக்க, ராப்பகலா பம்ப் வெச்சு இறைச்சு அழுத்தத்தைக் குறைக்கிறாங்க.

பலூனை மட்டும் சிரிச்சுக்கிட்டே உடைக்கிறோம்! கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வில், வெடிக்கும்வரை ஊதிய பலூனின் சத்தம் 168 டெசிபல். ஷாட்கன்னைவிட அதிகம். குழந்தைங்க காதுக்கு இது நிஜமாவே ஆபத்து. பார்ட்டி முடிஞ்சதும் மிச்ச பலூன்ல செல்லோடேப் ஒட்டி, அதன்மேல ஊசி குத்துங்க. கிழிசல் பரவாது, காற்று மெதுவா இறங்கிடும்.