தொண்ணூறு டிகிரி

முட்டி மாற்று அறுவை முடிந்து பதினோராம் நாள் அளந்தபோது என் வலக்கால் எழுபது டிகிரிதான் மடங்கியது. "தொண்ணூறாச்சும் வந்தாத்தானுங்கம்மா சேர்லருந்து நல்லா எந்திரிக்க முடியும்" என்றார் பிசியோதெரபிஸ்ட். பார்க்க வந்த சொந்தங்களோ, "வீட்டு வேலை செஞ்சா தானா சரியாயிரும், தனியா எக்சர்சைஸ் எதுக்கு?" என்றார்கள். இந்த வார்த்தையை நான் சும்மா விடுவதாக இல்லை.

திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, பிறகு இருபத்திரண்டு வருடம் செக்கிங். மேசை முன்னால் நின்றபடி டேமேஜ் பார்க்கிற வேலை. ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். நின்று வேலை செய்பவர்களுக்கு இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொன்னது. எங்கள் ஹாலில் இருந்த ஒரே ஸ்டூலில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருப்பார். 2021இல் கடைத் தொழிலாளர்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழக அரசு சட்டமாக்கியபோது ஜவுளிக்கடைப் பெண்களுக்காகச் சந்தோஷப்பட்டேன். எங்களுக்கு எழுபது வருடமாகச் சட்டம் இருந்தது, ஸ்டூல்தான் இல்லை. நின்றதால் மட்டுமே முட்டி தேய்ந்தது என்று சொல்ல மாட்டேன். வயது, எடை, அம்மா வழி வந்த உடம்பு எல்லாம் அதில் உண்டு. நின்றதற்குப் பங்கே இல்லை என்றும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு செயற்கை முட்டிக்கு விலை உச்சவரம்பு வைத்தது. அதிகம் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், வரி தனி. என் போன்றவர்கள் அறுவையை நினைத்துப் பார்க்க முடிந்ததே அதற்குப் பிறகுதான். ஆனால் உலோகம் காலைத் தூக்காது. தூக்க வேண்டியது தொடையின் முன்தசை. அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் அது பாதிக்கு மேல் பலம் இழந்துவிடுகிறது.

அந்தத் தசையை மீட்கும் வழி போரில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் முட்டி அடிபட்ட சிப்பாய்கள் மாதக்கணக்கில் தேறாமல் கிடந்தார்கள். லேசான எடையைப் பலமுறை தூக்கச் சொல்வதே அன்றைய வழக்கம். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் படுத்து, பின் எடை தூக்கித் தேறிய மருத்துவர் தாமஸ் டெலோர்ம் அதை மாற்றினார். இரும்புச் செருப்பைக் காலில் மாட்டி, அதிக எடையைக் குறைந்த தடவை தூக்கவைத்து, பலம் கூடக்கூட எடையையும் கூட்டினார். 1945இல் இதை எழுதி வெளியிட்டார். வீட்டு வேலை ஏன் பயிற்சி ஆகாது என்பதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது. பாத்திரம் கழுவும்போது சுமை கூடுவதில்லை, களைப்புதான் கூடும். தவிர, அந்தச் சிப்பாயிடம் உலை வைத்தாயா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்தத் தொழிலைப் பிரிட்டனில் சங்கமாகக் கட்டியவர்கள் நான்கு பெண்கள். மசாஜ் தொழிலின் பெயர் கெட்டுக்கிடந்த 1894இல், லண்டனில் ரோசலிண்ட் பேஜெட்டும் இன்னும் மூன்று செவிலியரும் தங்கள் பிழைப்பைக் காக்கச் சங்கம் தொடங்கினார்கள். என் முட்டியை அளந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். படிக்கும்போது யாரும் சொல்லவில்லையாம்.

எனக்காக லீவு போட்டது ஓவர்லாக் தைக்கும் என் மருமகள். ஆறு வாரக் கூலி போயிற்று. இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டியது. அவள் கூலிக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. குதிகாலை இழுத்து மடக்கும்போது நான் கத்தினால், "இன்னும் அஞ்சு எண்ணுங்கத்தை" என்பாள். ரிப் வேஸ்ட் துணியில் பை தைத்து ஒரு கிலோ மணல் நிரப்பித் தந்தாள். அதுதான் என் இரும்புச் செருப்பு.

பன்னிரண்டாம் வாரம் 112 டிகிரி. தரையில் சம்மணம் போட முடியாது. மருமகள் ஷிப்ட்டுக்குப் போய்விட்டாள். பையில் இப்போது இரண்டு கிலோ மணல். காலை பத்து மணிக்கு அதைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன். அந்த அரைமணி நேரம் யார் கூப்பிட்டாலும் எழுவதில்லை.