சோதிப்பவரைச் சோதிப்பவர் யார்?

மின்சாரக் கேத்தலில் ஒட்டியிருக்கும் சிரிம் முத்திரை, கிளினிக்கில் கொடுக்கப்படும் இரத்தப் பரிசோதனை அறிக்கை, தொழிற்சாலை வாசலில் தொங்கும் ஐஎஸ்ஓ பதாகை என்று ஒரு நாளில் எத்தனையோ சான்றுகளைக் கடந்து போகிறோம். "சோதித்துப் பார்த்தாகிவிட்டது, பயப்பட வேண்டாம்" என்பதுதான் அவை அனைத்தும் சொல்லும் செய்தி. நாமும் நம்பிவிடுகிறோம். ஆனால், சோதித்தவர் ஒழுங்காகச் சோதித்தாரா? அவருடைய கருவி சரியாக இருந்ததா? காசுக்காகக் கையெழுத்துப் போடவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

இந்தக் கேள்விக்கு உலகம் கண்ட விடைக்குப் பெயர்தான் 'அங்கீகாரம்'. சோதனைக்கூடங்கள், சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள், நேரில் சென்று பார்வையிடும் பரிசோதனை நிறுவனங்கள் ஆகிய மூன்றையும் இன்னோர் அமைப்பு சோதித்து, "இவர் இந்த வேலைக்குத் தகுதியானவர்" என்று சொல்லும் முறை இது. விபத்தும் போரும் வாணிபமும் கற்றுக்கொடுத்த பாடங்களால் படிப்படியாக வளர்ந்த முறை.

கொதிகலன் வெடித்த காலம்

பொருளை விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாம் நபரின் வார்த்தைக்கு மதிப்பு உண்டு என்பதை முதலில் உணர்ந்தவர்களில் கப்பல் வணிகர்களும் அடங்குவர். லண்டனில் எட்வர்ட் லாயிட் நடத்திய காப்பிக் கடையின் பெயரைத் தாங்கி 1760ஆம் ஆண்டு உருவான சங்கம், கப்பல்களைப் பார்வையிட்டுத் தரம் பிரித்துப் பதிவேடு வெளியிட்டது. கப்பலுக்குக் காப்புறுதி கொடுப்பவர்கள் அந்தப் பதிவேட்டைப் பார்த்தே முடிவெடுத்தார்கள்.

அடுத்து வந்தது நீராவி யுகம். தொழிற்சாலைகளில் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 1865ஆம் ஆண்டு ஒரு மதுபான ஆலையின் கொதிகலன் வெடித்தது. மறு ஆண்டே அங்குள்ள கொதிகலன் உரிமையாளர்கள் ஒன்றுகூடி, அவற்றைக் காலமுறைப்படி சோதிக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். ஜெர்மனியின் புகழ்பெற்ற தியூஃப் சோதனை நிறுவனங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சோதனைகளால் உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஆனாலும் ஒரு சிக்கல் அன்றே முளைத்துவிட்டது. சோதிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பவர் சோதிக்கப்படுபவர்! இந்த முடிச்சு இன்று வரை முழுமையாக அவிழவில்லை.

போர் தந்த பாடம்

அங்கீகார முறையின் உண்மையான தொடக்கம் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தளவாடங்களை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்ய வேண்டிய கட்டாயம் அந்நாட்டுக்கு ஏற்பட்டது. தயாரித்த தோட்டாவும் உதிரிபாகமும் சரியான அளவில் இருக்கின்றனவா என்று சொல்ல நம்பகமான சோதனைக்கூடங்கள் போதவில்லை. போர் முடிந்தபின் அந்த அனுபவத்தை வீணாக்காமல், 1947ஆம் ஆண்டில் 'நாட்டா' எனப்படும் தேசிய சோதனை அமைப்புகளின் சங்கத்தை உருவாக்கினார்கள். சோதனைக்கூடங்களை அங்கீகரிப்பதற்கென்றே நாடு தழுவிய நிலையில் அமைந்த உலகின் முதல் அமைப்பு அதுவே.

அதே 1947ஆம் ஆண்டில்தான் ஐஎஸ்ஓ எனும் அனைத்துலகத் தரநிலை அமைப்பும் செயல்படத் தொடங்கியது. இங்கே பலரிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. "ஐஎஸ்ஓவே எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தது" என்பார்கள். ஐஎஸ்ஓ யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. அது விதிகளை எழுதி வெளியிடுகிறது, அவ்வளவுதான். சான்றிதழ் கொடுப்பவை தனி நிறுவனங்கள். ஆகவே, ஐஎஸ்ஓ பதாகையைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி, "சான்றிதழ் கொடுத்தது யார்? அவரை அங்கீகரித்தது யார்?" என்பதே.

நம் நாடுகளில் நடந்த பிரிவினை

சிங்கப்பூரில் சிசிர் எனப்பட்ட தரநிலை, தொழில் ஆராய்ச்சிக் கழகம் 1986ஆம் ஆண்டில் 'சிங்லாஸ்' என்ற சோதனைக்கூட அங்கீகாரத் திட்டத்தைத் தொடங்கியது. மலேசியாவில் 1975ஆம் ஆண்டு இரண்டு கழகங்களை இணைத்து உருவான சிரிம், தரநிலைகளை எழுதுவது, பொருள்களைச் சோதிப்பது, சான்று கொடுப்பது என்று பல பணிகளைச் செய்துவந்தது. சிறிய நாடு, குறைந்த நிபுணர்கள் என்ற நிலையில் எல்லாமே ஒரே கூரையின் கீழ் இருந்ததில் வியப்பில்லை.

ஆனால், சோதிப்பவரும் சோதிப்பவரை மதிப்பிடுபவரும் ஒரே வீட்டில் இருந்தால் வெளிநாட்டு வாங்குபவர் நம்புவாரா? ஏற்றுமதியையே நம்பியிருக்கும் இரு நாடுகளும் இதற்கு விடை கண்ட ஆண்டு 1996. அவ்வாண்டு மலேசியத் தரநிலைச் சட்டத்தின் கீழ் தரநிலை இலாகா அமைக்கப்பட்டது. அங்கீகாரம் அளிக்கும் பொறுப்பு அதனிடம் சென்றது. 'சாம்' எனப்படும் மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டத்தை நடத்துவதும் அந்த இலாகாதான். சிரிம், சிரிம் பெர்ஹாட் என்ற நிறுவனமாக மாறியது. அதாவது, மற்றவர்களுக்குச் சான்று கொடுக்கும் சிரிம் குழுமமும் இலாகாவின் சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற நிலை வந்தது.

அதே 1996ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அங்கீகார மன்றம் நிறுவப்பட்டது. அரசின் சோதனைப் பிரிவு 2001ஆம் ஆண்டு தனி நிறுவனமாக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டு ஜெர்மானிய நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. அங்கீகரிக்கும் வேலை அரசுத் தரப்பிலேயே நின்றது. இன்று அந்த மன்றத்தை நிர்வகிப்பது 2018ஆம் ஆண்டில் உருவான எண்டர்பிரைஸ் சிங்கப்பூர்.

எப்படி அங்கீகரிக்கிறார்கள்?

ஓர் இரத்தப் பரிசோதனைக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். மருத்துவ ஆய்வுக்கூடங்களுக்கென 2003ஆம் ஆண்டில் ஐஎஸ்ஓ 15189 என்ற தனித் தரநிலை முதன்முறையாக வெளிவந்தது. அங்கீகாரம் கேட்டு விண்ணப்பித்தால், முதலில் ஆவணங்களைப் பார்ப்பார்கள். பிறகு அந்தத் துறையில் பழுத்த நிபுணர்கள் நேரில் வருவார்கள். ஊழியர் சோதனை செய்வதை அருகில் நின்று கவனிப்பார்கள். கருவிகள் எப்போது அளவு சரிபார்க்கப்பட்டன, சரிபார்க்கப் பயன்பட்ட கருவியைச் சரிபார்த்தது யார் என்று சங்கிலி போலத் துருவிக்கொண்டே போவார்கள். அந்தச் சங்கிலி தேசிய அளவியல் கழகத்தின் வழியாக அனைத்துலக அளவுகளில் போய் முடிய வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரே மாதிரியான இரத்த மாதிரியைப் பல கூடங்களுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரு கூடத்தின் விடை மட்டும் விலகி நின்றால் காரணம் சொல்லியாக வேண்டும். அங்கீகாரம் கிடைத்த பிறகும் கண்காணிப்பு தொடரும். தவறு கண்டால் இடைநிறுத்தம் செய்யலாம், ரத்தும் செய்யலாம்.

முக்கியமான ஒன்று: அங்கீகாரம் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. எந்தெந்தச் சோதனைக்கு என்று ஒரு வரம்பு எழுதப்பட்டிருக்கும். குடிநீரில் ஈயத்தைக் கண்டறிய அங்கீகாரம் பெற்ற கூடம், கிருமிகளைக் கண்டறியவும் அங்கீகாரம் பெற்றதாக ஆகாது.

சரி, அங்கீகரிப்பவரைச் சோதிப்பவர் யார்? இதற்கு முடிவே இல்லையா என்று தோன்றலாம். இங்கே உலக நாடுகள் ஏணியை நிறுத்திவிட்டு, கைகோத்து வட்டமாக நின்றன. ஒரு நாட்டின் அங்கீகார அமைப்பை மற்ற நாடுகளின் அமைப்புகள் வந்து சோதிக்கும். 1977ஆம் ஆண்டு கோப்பன்ஹேகனில் தொடங்கிய பேச்சு, 2000ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி வாஷிங்டனில் ஒப்பந்தமாகக் கனிந்தது. 28 பொருளாதாரங்களைச் சேர்ந்த 36 அமைப்புகள் ஒருவர் அங்கீகாரத்தை மற்றவர் ஏற்பதாகக் கையெழுத்திட்டன. ஒரு நாட்டில் சோதித்த பொருளை இன்னொரு நாட்டில் மீண்டும் சோதிக்கும் செலவைக் குறைப்பதே நோக்கம்.

சான்றிதழ் காப்பாற்றாத உயிர்கள்

இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் சங்கிலி அறுந்த நாள்களும் உண்டு. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி பாகிஸ்தானின் கராச்சி நகரில் அலி எண்டர்பிரைசஸ் எனும் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்தது. 250க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அது வேண்டுமென்றே வைக்கப்பட்ட தீ என்று 2020ஆம் ஆண்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், உள்ளே இருந்தவர்கள் தப்ப முடியாமல் தடுத்தவை ஜன்னல் கம்பிகளும் அடைபட்ட வழிகளும். அதே தொழிற்சாலைக்கு, தொழிலாளர் நலனுக்கான எஸ்ஏ 8000 சான்றிதழ் சில வாரங்களுக்கு முன்புதான் கிடைத்திருந்தது. அதைக் கொடுத்த நிறுவனமும் முறையான அங்கீகாரம் பெற்றதே!

கண்ணுக்குத் தெரியும் ஜன்னல் கம்பி, பரிசோதகரின் பட்டியலில் எப்படித் தப்பியது? இந்தக் கேள்விக்கு முன்னால் எந்த முத்திரையும் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும். காகிதத்தைக் காகிதத்தால் சோதித்தால் காகிதம் மட்டுமே மிஞ்சும். ஒரு மனிதர் நேரில் போய், கண்ணால் பார்த்து, "இது சரியில்லை" என்று எழுதத் துணிந்தால்தான் இந்த ஏற்பாடு உயிர் பெறும். அப்படி எழுதியதால் அவர் வேலை இழக்காமல் பார்த்துக்கொள்வதே, அங்கீகரிப்பவரைத் தனியே பிரித்து வைத்ததன் பயன்.

பயனீட்டாளருக்கும் இதில் பங்கு உண்டு. சான்றிதழில் அங்கீகார அமைப்பின் சின்னமும் எண்ணும் இருக்கின்றனவா, தமக்குத் தேவையான சோதனை அந்த வரம்புக்குள் வருகிறதா, காலக்கெடு முடிந்துவிட்டதா என்று கேட்கலாம். மலேசியத் தரநிலை இலாகாவும் சிங்கப்பூர் அங்கீகார மன்றமும் தாங்கள் அங்கீகரித்தவர்களின் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில்தான் முத்திரை வெறும் மையாகிப் போகிறது.