ஐம்பது மணி நேரப் பிரசவம்

"முன்னாடியெல்லாம் வீட்லயே பத்து பிள்ளை பெத்தாங்க, இப்ப தொட்டதுக்கெல்லாம் கத்தி" என்று லேபர் வார்டு வாசலில் அடிக்கடி கேட்கிறோம். அந்த "முன்னாடி" எப்படி இருந்ததுன்னு ஒரு கதை சொல்றேன். ஏழை வீட்டுக் கதை இல்லை, அரண்மனைக் கதை.

1817, இங்கிலாந்து. இளவரசி சார்லட், வயது 21. வருங்கால மன்னர் நான்காம் ஜார்ஜின் ஒரே மகள். கணவர் லியோபோல்ட். தலைச்சன் பிரசவம். கர்ப்ப காலத்தில் அவருக்குக் கிடைத்த கவனிப்பு என்ன தெரியுமா? சாப்பாட்டைக் குறைத்தார்கள், உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்தார்கள். அன்றைக்கு அதுதான் நல்ல வைத்தியம்!

நாள் தாண்டி, நவம்பர் 3 மாலை வலி எடுத்தது. கருப்பை வாய் முழுசா திறக்கவே 26 மணி நேரம். அதுக்கப்புறம் குழந்தை வெளியே வர இன்னொரு 24 மணி நேரம். இன்று தலைச்சன் பிரசவத்தில் வாய் முழுசா திறந்தபின் இரண்டு, மூன்று மணி நேரம் தாண்டினாலே நாங்கள் பதறிப் போவோம்.

பிரசவம் பார்த்தவர் சர் ரிச்சர்ட் கிராஃப்ட். ஆயுதம் போடுவதில் கைதேர்ந்த ஜான் சிம்ஸையும் வரவழைத்திருந்தார்கள். ஆனால் அவர் பக்கத்து அறையிலேயே இருந்தார். ஆயுதம் தயாராக இருந்தும் போடவில்லை.

கிராஃப்ட் ஏன் போடல? அவர் சோம்பேறியும் இல்லை, முட்டாளும் இல்லை. அவருடைய மாமனார் தாமஸ் டென்மன் அந்தக் காலத்தின் பெரிய பிரசவ மருத்துவர். "அவசரப்படாதே, இயற்கையை விடு" என்பது அவர் பள்ளி. அதற்கும் காரணம் இருந்தது. முந்தைய தலைமுறை கண்டபடி ஆயுதம் போட்டுத் தாயையும் சேயையும் நாசம் செய்திருந்தது. வில்லியம் ஹன்டர் என்ற பேராசிரியர் தன் ஆயுதம் துருப்பிடித்துக் கிடப்பதைப் பெருமையாகக் காட்டுவாராம். சிசேரியன் செய்யலாமேன்னு கேட்காதீங்க. மயக்க மருந்து இல்லாத காலம், வயிற்றைக் கிழித்தால் தாய் பிழைப்பது அபூர்வம்.

நவம்பர் 5 இரவு 9 மணி. ஆண் குழந்தை, நாலு கிலோவுக்கு மேல். உயிர் இல்லை. நஞ்சு தானாக இறங்கவில்லை, கையை விட்டு எடுத்தார்கள். சார்லட் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தார். நள்ளிரவில் குமட்டல், காதில் இரைச்சல், உடம்பு சில்லிட்டது, மூச்சு வாங்கியது. அதிகாலை இரண்டரை மணிக்கு இறந்துவிட்டார். பிரேதப் பரிசோதனையில் கருப்பைக்குள் கட்டி கட்டியாக உறைந்த ரத்தம்.

நீண்ட வலியில் களைத்த கருப்பை சுருங்காது, ரத்தம் உள்ளேயே தேங்கும். வெளியே பெரிதாகத் தெரியாது. இன்று குழந்தை பிறந்ததும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போடுகிறோமே, அது இதுக்குத்தான்.

கறுப்புத் துணிக்குத் தட்டுப்பாடு வரும் அளவுக்கு நாடே துக்கம் காத்தது. அரச குடும்பம் கிராஃப்டைக் குறை சொல்லவில்லை. ஊர் சொன்னது. மூன்று மாதம் கழித்து, 1818 பிப்ரவரியில், இன்னொரு பெண்ணின் நீண்ட பிரசவத்தைக் கவனிக்கப் போன வீட்டிலேயே துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். தாய், சேய், மருத்துவர் என மூன்று சாவு. என் கணக்கில் அவர் குற்றவாளி இல்லை, தன் காலத்துப் பாடத்தை அளவுக்கு மீறி நம்பியவர். பிறகு மருத்துவ உலகம் மறுபக்கம் சாய்ந்து, ஆயுதப் பயன்பாடு மெல்ல மெல்லக் கூடியது வேறு கதை.

வாரிசு இல்லாமல் போனதும் வருங்கால மன்னரின் தம்பிகள் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதில் ஒருவருக்கு 1819இல் பிறந்த பெண்தான் விக்டோரியா, நம்மையும் ஆண்ட மகாராணி. 1853இல் தன் எட்டாவது பிரசவத்துக்கு வலி தெரியாமல் இருக்க குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டார். பிறந்த பையனுக்கு வைத்த பெயர் லியோபோல்ட். சார்லட்டின் கணவர், அவருக்குத் தாய்மாமன்.