ஃபோட்டான்வழி மெசான் ஆக்கம்
உயர் ஆற்றல் ஃபோட்டான் அணுக்கருவில் மோதி மெசானைப் பிறப்பிக்கும் நிகழ்வு. 1949இல் பெர்க்லி சின்க்ரோட்ரானில் மெக்மில்லன் குழு இவ்வாறு பையான்களை உண்டாக்கியது. செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் சோதனைக்கோ தனி ஃபோட்டான் கற்றைகூடத் தேவையில்லை. எதிரெதிரே விரையும் ஈய அணுக்கருக்கள் தொடாமல் கடக்கையில், ஒன்றின் மின்காந்தப் புலமே மற்றொன்றின்மீது ஃபோட்டான் கற்றையாகப் பாய்கிறது. இவ்வாறு பிறக்கும் ஜே/சை மெசானின் நிறை ஏறத்தாழ 3.1 ஜிஇவி. வேறு தடமின்றி இரு மியூவான்கள் மட்டும் பதிவாகும் மோதல்களில் அதை இனங்காண்கிறார்கள். அத்தடங்களை அளக்கும் மியூவான் நிறமாலைமானியின் இரண்டாம் நிலையத்தைக் கொல்கத்தாவின் சாகா நிறுவனமும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் உருவாக்கின. அதன் குறிகைகளைப் படித்த மானஸ் சில்லும் கொல்கத்தாவில் வடிவமைக்கப்பட்டதே. ஆலிஸின் 2011ஆம் ஆண்டு ஜே/சை தரவுகளின் முடிவு 2013இல் வெளியானது. ஈய அணுக்கருவுக்குள் குளுவான் அடர்த்தி குறைகிறது என்ற கணிப்புகளோடு அது பொருந்தியது.