சட்டத்தின் அனுமதியும் கப்பலின் இடமும்: இந்தியக் கடற்படையில் பெண்கள், சேர்வராயன் மலையை முன்வைத்து

இந்தியக் கடற்படையில் பெண்கள் முதன்முதலாகச் சீருடை அணிந்தது இரண்டாம் உலகப் போரின்போது. 1942இல் பிரிட்டிஷ் இந்திய அரசு பெண்கள் துணைப்படையைத் தொடங்கியது. அதில் கடற்படைக்கு வேலை செய்த பிரிவு 1944இல் அரச இந்தியக் கடற்படையின் பெண்கள் பணிப்பிரிவு என்று பெயர் பெற்றது. கரையிலிருந்த தளங்களில் சங்கேதச் செய்திகளைக் கையாள்வதும் தகவல் தொடர்பும் அலுவலக நிர்வாகமும் இவர்களுடைய பணிகள். அப்பிரிவின் அதிகாரி கல்யாணி சென் 1945இல் ஸ்காட்லாந்தின் ரோசித் தளத்துக்குச் சென்று, பிரிட்டனில் கடற்படைப் பெண்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியைப் பார்வையிட்டார். போர் முடிந்தபின் பிரிவு கலைக்கப்பட்டது. ஆள் பற்றாக்குறை உண்டாக்கிய வாய்ப்பு, பற்றாக்குறை தீர்ந்ததும் மூடிக்கொண்டது. பிரிட்டனில் 1917இல் தொடங்கிய கடற்படைப் பெண்கள் பிரிவும் 1919இல் கலைக்கப்பட்டு, 1939இல் அடுத்த போர் வந்தபோதுதான் மீண்டும் உயிர்பெற்றது.

கடல் வாழ்வு பெண்ணுக்கு ஒவ்வாது என்பது இத்துறையில் நெடுநாளாகச் சொல்லப்படும் காரணம். தமிழ் மரபையும் அதற்குத் துணைக்கு அழைப்பதுண்டு. கடல் கடந்து செல்லும் பிரிவில் மகளிரை உடன் கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் வரையறுக்கிறது. அது அகப்பாடலில் பிரிவைப் பாடுவதற்கான இலக்கிய விதி. அதைப் பெண்ணின் உடல்தகுதி பற்றிய சான்றாகக் கொள்வது பொருந்தாது. இந்தியக் கடற்படையின் ஆவணங்களைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால், பெண்களைக் கரையிலேயே நிறுத்தி வைத்தது கடலன்று என்பது புலப்படும். நிறுத்தி வைத்தவை ஒரு சட்டப் பிரிவும், அதன்கீழ் வந்த அறிவிக்கைகளும், கப்பலுக்குள் ஒதுக்கப்படாத இடமும்தான்.

அந்தச் சட்டப் பிரிவு 1957ஆம் ஆண்டுக் கடற்படைச் சட்டத்தின் 9(2). மைய அரசு அரசிதழில் அறிவிக்கும் பிரிவுகளிலன்றி, அது விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டன்றி, பெண் எவரும் கடற்படையில் நியமனம் பெறத் தகுதியற்றவர் என்பது அதன் சாரம். அறிவிக்கை வராதவரை பெண்ணுக்கு விண்ணப்பிக்கும் உரிமைகூட இல்லை. இந்த நிலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இடைக்காலத்தில் கடற்படை மருத்துவமனைகளில் மட்டும் பெண் மருத்துவர்களும் செவிலியர்களும் பணியாற்றினர். 2005இல் வைஸ் அட்மிரலுக்கு இணையான தகுதியை அடைந்த முதல் பெண்ணான புனிதா அரோராவும் மருத்துவத் துறையிலிருந்து வந்தவரே.

1991 அக்டோபர் 9ஆம் நாள் வந்த அறிவிக்கை வழங்கல், சட்டம், கல்வி ஆகிய பிரிவுகளைத் திறந்தது. 1992இல் அப்பிரிவுகளில் முதல் பெண் அதிகாரிகள் சேர்ந்தனர். 1998 நவம்பர் 6ஆம் நாளின் அறிவிக்கை மேலும் சில பிரிவுகளைச் சேர்த்தது. ஆனால் சேர்ந்தவர்கள் அனைவரும் குறுகிய காலப் பணிக்கே எடுக்கப்பட்டனர். அந்தப் பணியின் உச்ச வரம்பு 14 ஆண்டுகள். அதிகாரிக்கு ஓய்வூதியம் கிடைக்க வேண்டிய பணிக்காலமோ 20 ஆண்டுகள். இருபத்திரண்டு வயதில் சேர்ந்த பெண், அனுபவம் முதிர்ந்து நிற்கும் முப்பத்தாறு வயதில் ஓய்வூதியமின்றி வெளியேற வேண்டும். கூடவே குறுகிய காலப் பணியில் சேர்ந்த ஆண் சகாக்கள் நிரந்தரப் பணிக்குப் பரிசீலிக்கப்பட்டு மேலே சென்றனர். 2008இல் அரசு சில பிரிவுகளில் மட்டும் பெண்களுக்கு நிரந்தரப் பணி தர முன்வந்தபோதும், அது இனிமேல் சேர்பவர்களுக்கே பொருந்தும் என்றது. ஏற்கெனவே உழைத்துக் கொண்டிருந்தவர்கள் வெளியே நின்றனர். இந்த வரலாற்றில் மிகப் பெரிய அநீதி இதுவே.

அவர்களில் சிலர் நீதிமன்றம் சென்றனர். லெப்டினன்ட் கமாண்டர் ஆனி நாகராஜாவின் பெயரால் அறியப்படும் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2015 செப்டம்பரில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 2020 மார்ச் 17ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், அஜய் ரஸ்தோகி அமர்வு அதை முடித்து வைத்தது. ரஷ்யாவில் கட்டப்பட்ட சில கப்பல்களில் பெண்களுக்கான வசதி கிடையாது என்பது அரசு முன்வைத்த வாதங்களுள் ஒன்று. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; சில கடற்பணிகள் பெண்ணுக்குப் பொருந்தாது என்ற கருத்து பாலினம் பற்றிய முன்முடிவே என்று கூறியது. அறிவிக்கைகள் வந்த அளவில் 9(2)இன் தடை நீங்கிவிட்டது, ஆகவே நிரந்தரப் பணிக்குப் பரிசீலிக்கும்போது ஆண், பெண் என்று பிரிக்கக் கூடாது என்பது தீர்ப்பின் அடிப்படை. பணியிலிருந்து வெளியேறிவிட்டவர்கள் திரும்பச் சேர்க்கப்படவில்லை. ஓய்வூதியப் பலன் மட்டும் கிடைத்தது. வழக்கு வென்றது, ஆனால் இழந்த பணிக்காலம் இழந்ததாகவே நின்றது.

நிரந்தரப் பணி கிடைத்தவுடன் அடுத்த சிக்கல் எழுகிறது. கடற்படையின் செயற்பிரிவில் பதவி உயர்வுக்கு அடித்தளம் கடலில் கழித்த காலம். இளம் அதிகாரி கப்பலின் கட்டளை மேடையில் நான்கு மணி நேர முறைவைத்துக் காவல் நின்று, கப்பல்தலைவர் அருகில் இல்லாதபோதும் கப்பலைத் தானே நடத்தத் தெரிந்தவர் என்ற சான்றைப் பெற வேண்டும். அந்தச் சான்று இல்லாதவர் கப்பலுக்குத் தலைமை ஏற்க முடியாது. கப்பலில் படுக்கை கிடையாது என்றால் காவல் பணி கிடையாது. காவல் பணி இல்லையேல் தலைமை இல்லை. 1990களின் இறுதியில் ஐ.என்.எஸ். ஜோதி போன்ற கப்பல்களில் பெண் அதிகாரிகள் பணியமர்த்தப்பட்டனர். அந்த முயற்சி தொடரவில்லை. தனி உறங்கறையும் குளியலறையும் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் கட்டுமானக் கணக்கில் சிறியவை. அவை இல்லாமை ஒரு தலைமுறை அதிகாரிகளின் பதவி உயர்வைத் தடுத்தது. 2022 செப்டம்பரில் பணியில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், பெண்களுக்கான அறைகளை வரைபடத்திலேயே கொண்டிருந்தது. பழைய கப்பலை மாற்றுவதைவிடப் புதிய கப்பலை அப்படியே கட்டுவது எளிது. கேள்வி எப்போதும் வரைபடம் போடுபவர் யாரை மனத்தில் வைத்தார் என்பதே.

கடற்படையில் பெண்கள் கப்பலைவிட வானில் விரைவாக முன்னேறியதற்கும் கப்பலில் இடமின்மையே காரணம். விமானம் மாலையில் கரைக்குத் திரும்பிவிடும். 2009இல் சீமா ராணி சர்மாவும் அம்பிகா ஹூடாவும் கடல் கண்காணிப்பு விமானங்களில் கருவிகளைக் கையாளும் பார்வையாளர்களாகத் தேர்ந்தனர். 2019 டிசம்பரில் ஷிவாங்கி விமானியாகப் பணியேற்றார். போர்க்கப்பலின் தளத்திலிருந்தே பறக்கும் ஹெலிகாப்டர்களுக்கு 2020 செப்டம்பரில் குமுதினி தியாகியும் ரீத்தி சிங்கும் பார்வையாளர்களாகத் தேர்வானபோதுதான் வானும் கப்பலும் இணைந்தன. 2023 டிசம்பரில் லெப்டினன்ட் கமாண்டர் பிரேர்ணா தேவஸ்தலி ஐ.என்.எஸ். திரிங்கட்டின் தலைமைக்குத் தேர்வு செய்யப்பட்டது அறிவிக்கப்பட்டது. இந்தியப் போர்க்கப்பல் ஒன்றுக்குத் தலைமை ஏற்கும் முதல் பெண் அவர். நார்வேயில் சோல்வெய்க் க்ரே 1995இலேயே நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தலைமை ஏற்றிருந்தார்.

கடல் ஒவ்வாது என்ற வாதத்துக்குத் தீர்ப்பைவிட வலிய மறுப்பு கடற்படையின் பாய்மரப் படகு தாரிணி. 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண்கள் அதில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2018 மே மாதம் திரும்பினர். 2024 அக்டோபர் 2ஆம் நாள் அதே படகில் இருவர் மட்டும் புறப்பட்டனர்: கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. ஹார்ன் முனையைக் கடந்து, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, 2025 மே இறுதியில் கரை சேர்ந்தனர். ஒருவர் உறங்கும்போது மற்றவர் பாய்களைக் கவனித்தாக வேண்டிய எட்டு மாதங்கள் அவை.

கடலோரத்தில் பிறந்தவருக்கே கடற்படை என்ற எண்ணமும் ஆராயத் தக்கது. சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைக்குச் சாலைவழி ஏறக்குறைய 200 கிலோமீட்டர். காப்பித் தோட்டக் கூலி வேலையையும் மிளகையும் நம்பி வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் பெண்பிள்ளைகள் பலருக்குக் கடல் என்பது பாடநூலில் உள்ள படம். ஆனால் கடற்படை அவர்களுக்கு அவ்வளவு தொலைவில் இல்லை. மலையடிவாரத்துச் சேலத்திலிருந்து சென்னை செல்லும் ரயில், ஜோலார்பேட்டை, காட்பாடி கடந்து அரக்கோணம் வழியாகப் போகிறது. அரக்கோணத்தில், கடலிலிருந்து விலகிய உள்நாட்டில், 1992 மார்ச் முதல் இயங்குகிறது ஐ.என்.எஸ். ராஜாளி என்னும் கடற்படை விமானத் தளம். 2024 ஜூன் 7ஆம் நாள் அங்கே நடந்த அணிவகுப்பில் அனாமிகா பி. ராஜீவ் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியாகத் தேர்ச்சி பெற்றார். அதே அணியில் தேர்ந்தவர்களுள் ஒருவர் லடாக்கிலிருந்து வந்தவர். அப்பகுதியின் முதல் கடற்படை ஹெலிகாப்டர் விமானி. மலையில் பிறப்பது தடையன்று.

தடை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. 2022இல் அக்னிபத் திட்டம் வந்தபோதுதான் கடற்படை முதன்முறையாகப் பெண்களை மாலுமிகளாகச் சேர்த்தது. 2023 மார்ச்சில் ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்காவிலிருந்து முதல் அணி வெளிவந்தது. தொழில்நுட்பப் பணிகளுக்குரிய பெரிய பிரிவில் சேர பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். 2022 முதல் பெண்கள் சேர்ந்துவரும் தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் கடற்படை அணிக்கும் இதே பாடங்கள் தேவை. ஆக ஒரு பெண்ணின் கடற்படைத் தகுதி பதினைந்து வயதில், பிளஸ் ஒன் சேர்க்கையின்போது எந்த குரூப் எடுக்கிறாள் என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. மலைக் கிராமத்தில் கணிதமும் இயற்பியலும் அடங்கிய முதல் குரூப் கிடைக்கும் பள்ளி எவ்வளவு தொலைவு, கணித ஆசிரியர் இருக்கிறாரா, விடுதி இருக்கிறதா என்பவை அந்த முடிவைத் தீர்மானிக்கின்றன.

அக்னிபத் திட்டத்தின்கீழ் அக்னிவீரராகச் சேர்ந்தபின் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அக்காலத்தில் திருமணம் செய்யக் கூடாது. முடிவில் நான்கில் ஒரு பங்கினர் வரையே நிரந்தரமாக எடுத்துக் கொள்ளப்படுவர். மற்றவர்கள் சுமார் 11.7 லட்சம் ரூபாய்த் தொகையுடன், ஓய்வூதியமின்றி வெளியேறுவர். இந்த விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். ஆனால் இருபது வயதைக் கடந்த மகளுக்குத் திருமணம் பேசத் தொடங்கும் குடும்பத்தில் அதன் பளு ஒன்றாக இராது. 14 ஆண்டுகளுக்குப்பின் ஓய்வூதியமின்றி அனுப்பப்பட்ட அதிகாரிகளின் குறை, மாலுமிகளிடையே இன்னும் குறுகிய காலத்தில் திரும்ப வருகிறது. நான்காண்டு முடிந்து வெளிவரும் பெண் மாலுமிகளுக்குக் காவல் துறை, துறைமுகங்கள், வணிகக் கப்பல் துறை ஆகியவற்றில் தமிழ்நாடு அரசு உறுதியான இடம் ஒதுக்க வேண்டும். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புள்ள ஒவ்வொன்றிலும் முதல் குரூப்பும் அதற்கான ஆசிரியர்களும் இருப்பதைப் பள்ளி நிர்வாகம் இந்தக் கல்வியாண்டிலேயே உறுதி செய்ய வேண்டும்.